சோளகத்தில் துலா மிதித்தவர்

கலியாணமாகி ஒரு வருஷம் நிறைவதற்குள் என் கணவர் கிணற்றுத் துலாவிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். வைகாசி முடிய நாலைந்து நாள் இருந்தது. நான் நாலு மாதப் பிள்ளைத்தாச்சி. இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தின காலம் அது.

யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வடக்கே நாலு மைலில் எங்கள் ஊர். செம்பாட்டு மண். ஆறு கிடையாது. மாரியில் பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றில் நிற்கும். கோடை முழுவதும் அதை இறைத்துத்தான் பயிர். எங்களுக்கு எட்டுப் பரப்புத் தோட்டம் இருந்தது. புகையிலை வெட்டி முடிந்ததும் அதே நிலத்தைக் கொத்தி, பூவரசங் குழையை உரமாக மண்ணில் தாட்டு, கோடைப் பயிர் வைப்பது அவர் வழக்கம். அந்த வருஷம் முதன்முதலாக நானும் கூட நின்றேன். பாதிக்குக் கத்தரி, இரண்டு பரப்பில் மிளகாய், வேலியோரமாகப் புடலங்கொடிக்கு ஒரு பந்தல், மிச்சத்தில் பூசணியும் வெள்ளரியும். பிஞ்சாகக் கடிக்கிற வெள்ளரி அல்ல. பழுத்து வெடித்து வீடெல்லாம் மணக்கிற வெள்ளரிப்பழம். அது என் ஆசை.

"உதுக்குக் கனக்கத் தண்ணி வேணும்" என்று அவர் முதலில் முணுமுணுத்தார். மறுநாள் எங்கிருந்தோ விதை வாங்கி வந்து என் கையில் தந்து, "நீரே ஊண்டும்" என்றார்.

துலாவைக் காணாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற இரண்டு கால்களுக்கு நடுவே, ஒரு நீளமான பனைமரம் படுத்தபடி ஏறி இறங்கும். அதன் நுனியில் கயிறு. கயிற்றின் அடியில் பட்டை என்கிற ஓலை வாளி. ஒருவர் அந்த மரத்தின் மேல் ஏறிக் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தாழும்; பின்னுக்கு நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். கிணற்று விளிம்பில் நிற்கிற இன்னொருவர் அதைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். மூன்றாவது ஆள் பயிருக்குள் நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் அதை அடைத்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாறிவிட வேண்டும். அந்த மூன்றாவது ஆள் நான். பட்டை பிடிக்க ஊரிலிருந்து ஒருவர் வருவார். துலா மிதிப்பது என் கணவர்.

அன்று விடிந்து கொஞ்ச நேரம். சோளகம் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. தென்மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று ஆவணி வரைக்கும் நிற்காது. செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கண்ணிலும் சோற்றிலும் போடும். நான் கத்தரிப் பாத்தியில் குனிந்து நின்றேன். காலடியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றுபோனது. நிமிர்ந்து பார்த்தபோது துலாவில் ஆள் இல்லை. பிடித்து நடப்பதற்காகக் கட்டியிருந்த மூங்கில் முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கறையான் தின்றிருந்ததைப் பிறகுதான் கண்டோம்.

அவர் கத்தவில்லை. நான் ஓடிப் போனபோது நிலத்தில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "ஓடாதையும், வயித்திலை பிள்ளை" என்றார். பிறகு மயங்கிவிட்டார்.

மாட்டு வண்டிலில் வைக்கோல் பரப்பி மானிப்பாய் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கீழ்க்காலில் இரண்டு இடத்தில் முறிவு. மாக்கட்டுப் போட்டு, மூன்று மாதத்துக்குக் கால் நிலத்தில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் என்றால் கோடை முடிந்துவிடும்.

என் கணவருக்குத் தாய் தகப்பன் இல்லை. என்னுடைய ஆட்கள் தென்மராட்சியில். ஐயாவுக்கு நெஞ்சுவருத்தம், அண்ணை மலாயாவில் கிளாக்கர். பக்கத்தில் இருந்தது அவருடைய பெரியப்பாவின் மகன் ஒருவர்தான். நான் அவரைப் பெரியத்தான் என்பேன். கிணறு எங்களுக்கும் அவருக்கும் பாதிப் பாதி. ஒருநாள் அவருடைய இறைப்பு, மறுநாள் எங்களுடையது. ஆஸ்பத்திரியில் என் கணவர் கிடந்த நாட்களில் பெரியத்தான் எங்கள் முறைக்கு இரண்டு தரம் துலா மிதித்தார். ஐம்பது வயது தாண்டியவர். தன் தோட்டத்துக்கு முதல்நாள் மிதித்த கால் ஆறுமுன் எங்களுக்கும் மிதித்தார். இரண்டாம் தரம் இறங்கும்போது துலாக்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பிள்ளை, என்ரை முழங்கால் இனிக் கேளாது. வேறை ஆரையும் பார்" என்றார்.

வேறு யார்? கோடையில் ஒவ்வொரு ஆண்பிள்ளையும் தன் தன் கிணற்றடியில் நிற்கிற காலம். பட்டை பிடிக்க வந்தவரையும் வேறு தோட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் யாரையும் குறைசொல்லமாட்டேன். அவரவர் பயிரும் வாடத்தான் செய்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என் கணவர் கட்டிலில் கிடந்தபடி காதைக் கிணற்றடிப் பக்கமே வைத்திருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் துலா கிரீச்சிடும். எங்கள் முறையன்று சத்தமே கேட்காது. நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மிளகாயை விட்டிடும். வெள்ளரியையும் விடும். ஏலுமெண்டால் கத்தரிக்கு மட்டும் செம்பிலை ஊத்தும்."

"சரி" என்றேன். ஆனால் விடவில்லை. கைவாளியைக் கயிற்றில் கட்டி அள்ளிக் குடத்தில் நிறைத்து, கத்தரிக்கும் ஊற்றினேன், மிளகாய்க்கும் ஊற்றினேன். ஒரு முழுக் காலையும் அள்ளினால் மூன்று பாத்திகூட நனையாது. செம்பாட்டு மண் தண்ணீரைக் கண்டவுடன் விழுங்கிவிட்டு, இன்னும் கொண்டுவா என்று வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். கயிறு உரசி இரண்டு கையும் கொப்புளித்து உடைந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் இருக்கச் சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு சோறு கொடுத்தேன்.

எங்கள் ஒழுங்கை வழியாகக் கிழமையில் மூன்று நாள் ஒரு மீன்காரப் பெண் வருவார். குருநகர்க் கடற்கரை ஆள், வேதக்காரர். நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம், கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சிலுவை, தலையில் மீன் கடகம். வேலிப் படலையடியில் இறக்கி வைத்துவிட்டு, "பிள்ளை, ஓரா கிடக்குது, திரளி கிடக்குது" என்று குரல் கொடுப்பார். நான் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ கொடுத்து மீன் வாங்குவேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. அதுவரைக்கும் நான் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. எங்கள் வீடுகளில் மீன்காரி என்றுதான் சொல்வோம். முகத்துக்கு முன்னால் அதுவும் சொல்லாமல் "இஞ்சை" என்போம்.

அன்று அவர் கொடுத்த மீனை வாங்கக் கையை நீட்டியபோது சீலைத் தலைப்பு அவிழ்ந்துவிட்டது.

"கையைக் காட்டு பிள்ளை."

நான் இழுத்துக்கொண்டேன். அவர் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மீன் செதில் ஒட்டியிருந்த விரல்கள், குளிர்ச்சியாக இருந்தன.

"பிள்ளைத்தாச்சிப் பெட்டை தண்ணி அள்ளுறதோ? உன்ரை மனிசன் எங்கை?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அதுவரைக்கும் யாருக்கு முன்னாலும் அழவில்லை. அவர் படலைக்கு மேலாகத் தோட்டத்தைப் பார்த்தார். தலை தொங்கிய கத்தரியையும் கிணற்றடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கடை முறை இனி எப்ப?"

"நாளைக்கு."

"சரி" என்று கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் கேட்டார் என்று நான் யோசிக்கவுமில்லை.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் நேரம் படலையில் யாரோ தட்டினார்கள். திறந்தால், கடகம் இல்லாமல் அவர் நிற்கிறார். பக்கத்தில் அவருடைய கணவர். கட்டையான, அகன்ற தோள்காரர். வெயிலிலும் உப்பிலும் தோல் கறுத்து மினுங்கியது. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். நாலு மைல் நடந்து வந்திருக்கிறார்கள்.

"எங்கடை வள்ளம் கரையிலை கவிழ்த்துக் கிடக்குது பிள்ளை. பலகை மாத்தவேணும். மரம் வந்து சேர ஆடி ஆவணியாகும் எண்டுறாங்கள். இந்த மனிசன் வீட்டுக்கை இருந்தால் எனக்குத்தான் தொல்லை. துலாவிலை ஏத்திவிடு."

அந்த மனிதர் சிரித்தார். "நான் ஒருநாளும் மிதிச்சதில்லை தங்கச்சி. ஆனால் விழமாட்டன்."

உள்ளே ஓடிப்போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "என்னைத் தூக்கிக்கொண்டு போங்கோ, நான் பாக்கவேணும்" என்றார். அந்தக் கடற்காரர் உள்ளே வந்து, ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல அவரைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிணற்றடி மாமரத்தின் கீழ்ச் சாய்வு நாற்காலியில் இருத்தினார். கட்டுப்போட்ட காலுக்குக் கீழே நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

மூங்கிலைப் பெரியத்தான் ஏற்கெனவே புதிதாகக் கட்டியிருந்தார். கடற்காரர் ஏறி நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "பாய்மரத்தைப் படுக்கப்போட்ட மாதிரிக் கிடக்குது" என்றார். கிணற்று விளிம்பில் பட்டை பிடிக்க யார் என்று நான் யோசிக்குமுன் அவர் மனைவி சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றுவிட்டார்.

முதல் பட்டை கிணற்றுச் சுவரில் இடித்துப் பாதித் தண்ணீரைக் கொட்டியது. இரண்டாவது, அவர் வேகமாகப் பின்னுக்கு நடந்ததால் மேலே பாய்ந்து வந்து, மனைவியைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தது.

"இஞ்சை, என்னைக் கொல்லவோ பாக்கிறாய்?" என்று அவர் சத்தம் போட்டார்.

"ஆறுதலா அண்ணை! எட்டு அடி வைச்சால் காணும்!" என்று என் கணவர் மாமரத்தடியிலிருந்து கத்தினார்.

"நான் பத்து வைச்சிட்டன் தம்பி."

விழுந்த நாளுக்குப் பிறகு என் கணவர் அன்றுதான் சிரித்தார். கால் அதிர்ந்து வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

பத்துப் பதினைந்து பட்டைக்குப் பிறகு கடற்காரருக்கு நடை பிடிபட்டுவிட்டது. காற்று சுழன்று வந்து மாமரத்தையே ஆட்டியது. அவர் கால் துலாவில் ஒட்டிவைத்ததுபோல் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் பாட்டும் வந்தது. வலை இழுக்கும்போது கடற்கரையில் பாடுகிற அம்பாப் பாட்டு. ஒரு அடி அவர் சொல்ல, மறு அடி கிணற்று விளிம்பில் நின்று மனைவி சொல்வார். அந்தப் பாட்டுக்குத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, வளைந்து, என் காலை வந்து தொட்டது. நான் மண்வெட்டியை ஊன்றியபடி அப்படியே நின்றுவிட்டேன். "தண்ணியை மாறும், தண்ணியை மாறும், பாத்தி உடையுது!" என்று என் கணவர் கத்திய பிறகுதான் குனிந்தேன்.

இறைப்பு முடிய வெயில் ஏறிவிட்டது. கஞ்சி காய்ச்சியிருந்தேன். சாதிக்கு வெளியாருக்கென்று எங்கள் வீட்டில் குடிக்க ஒரு தகரப்பேணி தனியாக இருந்தது. பழக்கத்தில் கை அதற்குத்தான் போனது. எடுத்தும்விட்டேன். எடுத்த கையைப் பார்த்தேன்; கொப்புளத்தோடு அவர் முதல்நாள் பிடித்துத் திருப்பிப் பார்த்த அதே கை. தகரப்பேணியை வைத்துவிட்டு, நாங்கள் குடிக்கிற வெண்கல மூக்குப்பேணிகளை எடுத்துக் கஞ்சி வார்த்துக்கொண்டு போனேன்.

"குடியுங்கோ அக்கா" என்றேன்.

அவர் பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கிக் குடித்துவிட்டு, "உப்புக் காணாது பிள்ளை" என்றார்.

அவர்கள் போன பிறகு பெரியத்தான் வந்தார். வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"டேய் தம்பி, கரையார் வந்து எங்கடை கிணத்திலை இறைக்கிறதோ? ஊர் என்ன கதைக்கும்?"

என் கணவர் மாமரத்தடியிலேயே இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். தமையன் முறையான அவருக்கு முன்னால் என் கணவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"அண்ணை, உந்தக் கிணத்திலை பாதி என்ரை. அந்தப் பாதியிலை அவர் நிக்கட்டும்."

பெரியத்தான் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கிணற்றைக் கோட்டுக்குக் கொண்டுபோவாரோ என்று நான் பயந்தேன். யாழ்ப்பாணத்தில் கிணற்றுப் பங்குக்காகப் பத்து வருஷம் வழக்காடியவர்கள் உண்டு.

கடற்காரரும் மனைவியும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை வந்தால் பூசை கண்டுவிட்டு வெள்ளைச் சட்டையோடு வந்து, சட்டையைக் கழற்றி மாங்கொப்பில் தொங்கவிட்டு ஏறுவார். எங்களுடைய நாளில் அந்த அக்கா மீன் விற்கப் போகவில்லை என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. கேட்டேன்.

"அக்கா, உங்களுக்கு ஏன் இந்தக் கஷ்டம்?"

"கஷ்டமோ? உங்கை கிணத்தடியிலை நிக்கச் சும்மா குளிர்ச்சியாக் கிடக்குது" என்றார். அதற்கு மேல் கேட்கவிடவில்லை.

ஆனி மாதம் பாதியில் ஒருநாள் விடிய நான் கிணற்றடிக்குப் போனபோது, பெரியத்தான் துலா நுனியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அது எங்கள் முறை. துலாவைக் கழற்றப்போகிறாரோ என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் பழைய கயிறு நிலத்தில் கிடக்கிறது. புதுக் கயிறு ஒன்றை முடிந்துகொண்டிருக்கிறார்.

"பழசு நைஞ்சு போச்சுது பிள்ளை. பாரத்திலை அறுந்தால் துலா உதறும். அந்த மனிசன் மேலையிருந்து விழுந்து போவான்."

கடற்காரர் வந்ததும் அவர் விலகிப் போகவில்லை. முடிச்சைக் காட்டினார். கடற்காரர் இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல முடிச்சு. ஆனால் ஈரத்திலை இளகும்" என்று அவிழ்த்து, தன் கைப்பழக்கத்தில் வேறொரு முடிச்சுப் போட்டார். பெரியத்தான் குனிந்து, அதை இரண்டு தரம் போட்டுக்காட்டச் சொல்லிப் பார்த்தார். அடுத்த நாள் தன் முறைக்கும் அந்த முடிச்சை அவர் மாற்றவில்லை.

கத்தரி நிமிர்ந்தது. முதலில் இலை, பிறகு ஊதாப் பூ, ஒருநாள் காலையில் பார்த்தால் பூவுக்குப் பின்னால் கொட்டைப்பாக்களவு பிஞ்சு. மிளகாயில் பாதி செத்துவிட்டது. அது நான் குடத்தால் ஊற்றிய நாட்களிலேயே போனது. மிஞ்சியது காய்த்தது. பூசணிக்கு அந்த அக்கா ஒருநாள் கடகம் நிறைய மீன் தலையும் குடலும் கொண்டுவந்து, கொடியின் அடியில் என்னைக் கிடங்கு வெட்டச் சொல்லித் தாட்டார். இரண்டு நாளைக்கு ஊர் நாய்களையும் காகங்களையும் துரத்துவதே என் வேலையாக இருந்தது. நாற்றத்துக்குச் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனால் அந்தப் பூசணி காய்த்த காய்ப்பை அதற்குப் பிறகு நான் எங்கும் கண்டதில்லை. ஒரு காயை இரண்டு பேர் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது.

ஆடியில் காற்று உச்சத்துக்கு வந்தது. ஒரு மத்தியானம் புடலம் பந்தல் முழுதாகச் சரிந்து வேலியில் சாய்ந்துவிட்டது. காய்கள் நேராக வளர்வதற்காக நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். கல்லும் காயும் கொடியும் கம்பும் ஒரே சிக்கலாகக் கிடந்தன. அன்று இறைப்பு நாளும் அல்ல. நான் போய் நின்று பார்த்துவிட்டு, இனி இது சரிவராது என்று திரும்பிவிட்டேன். மறுநாள் கடற்காரர் வந்து பார்த்தார். சிக்கிய வலையைப் பிரிக்கிறவர்போல நிலத்தில் குந்தியிருந்து, ஒரு கொடிகூட முறியாமல் ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கினார். பெரியத்தான் தன் வளவிலிருந்து நாலு பூவரசங் கதியால் தடி வெட்டிக்கொண்டு வந்து நட்டார். மேலே தென்னங்கயிற்றால் கடற்காரர் வலைக்கண் போலப் பின்னிக் கட்டினார். மாமரத்தடியிலிருந்து என் கணவர் அது அப்படியில்லை இது இப்படியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்; இரண்டு பேரும் அவரைக் கவனிக்கவேயில்லை. அந்தப் பந்தல் அடுத்த வருஷமும் நின்றது.

கத்தரிக்காய் ஆய ஆயக் காய்த்தது. கடகம் கடகமாகப் பட்டினத்துச் சந்தைக்கு வண்டிலில் போனது. அவர்கள் காசாக எதையும் வாங்க மறுத்துவிட்டார்கள். "காய் தா, கொண்டுபோறன்" என்பார் அந்த அக்கா. போகும்போது கடகம் நிறையக் கட்டிவிடுவேன். அவருடைய ஒழுங்கையில் பத்து வீட்டுக்கு அது பிரிந்து போகும் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளூரப் பெருமை. நான் தண்ணீர் மாறிய பயிரை நான் காணாத ஆட்கள் காய்ச்சித் தின்றார்கள்.

வெள்ளரி கடைசியில் பழுத்தது. ஒரு காலையில் கிணற்றடிக்குப் போகும்போதே மணம் வந்தது. இலையை ஒதுக்கிப் பார்த்தால், மஞ்சளாகி, மேல் தோல் பிளந்து, உள்ளே மாப்போல வெள்ளைச் சதை. முதல் பழத்தைப் பிள்ளையாருக்கு வைத்தேன். இரண்டாவதைச் சர்க்கரை போட்டுப் பிசைந்து நாலு பேருக்கும் கொடுத்தேன். கடற்காரர் விரலை நக்கிவிட்டு, "உதுக்காகவே துலா மிதிக்கலாம் தங்கச்சி" என்றார்.

ஆவணிக் கடைசியில் வள்ளத்துக்குப் பலகை மாற்றி முடித்துவிட்டார்கள். கடலில் இறக்குகிற நாளுக்கு எங்களையும் வரச் சொன்னார்கள். என் கணவருக்கு மாக்கட்டு அவிழ்த்து ஒரு கிழமை. தடி ஊன்றி நடந்தார். வண்டிலில் பூசணி, வெள்ளரிப்பழம், கத்தரிக்காய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். பெரியத்தான் தானே வண்டிலை ஓட்டுவதாகச் சொன்னார். நாலு மைலுக்கு அப்பால் கடல் இருந்தும், நான் வள்ளம் இறக்குவதைப் பார்த்ததில்லை.

அவர்களுடைய வேதக் கோயில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். முப்பது நாற்பது பேர் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். எங்கள் தோட்டத்தில் கேட்ட அதே பாட்டு, அங்கே எத்தனையோ குரலில் எழுந்தது. வள்ளம் மணலில் உரசி உரசிப் போய் அலையில் ஏறியதும் எல்லோரும் கூக்குரலிட்டார்கள். பெரியத்தானும் வேட்டி நனைய நின்று தள்ளினார். கடற்காரர் என் கணவரைத் தூக்கி வள்ளத்தில் வைத்துக் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் வந்தார். இறங்கும்போது அவர் முகம் வெளிறியிருந்தது. "துலா எவ்வளவோ மேல்" என்றார் என்னிடம் மெதுவாக.

நான் அந்த அக்காவிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். எங்களுக்குள் நன்றி என்ற சொல்லை வாயால் சொல்கிற வழக்கமில்லை. அது புத்தகத்தில் இருக்கிற சொல். கரையில் நின்றபடி, "அக்கா, நீங்கள் வந்திராட்டில்..." என்று தொடங்கினேன்.

"வெயிலுக்கை நிக்காதை பிள்ளை. ஏழு மாச வயிறு. போய் அந்தப் பனை நிழலிலை இரு" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

ஐப்பசிக் கடைசியில் மகள் பிறந்தாள். என் அம்மா வந்து நின்றா. பத்தாம் பன்னிரண்டாம் நாள், மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலை, படலையில் அந்தக் குரல் கேட்டது. நனைந்து, சீலை உடம்பில் ஒட்டியபடி வந்து நின்றார். கடகத்தில் வாழையிலையால் மூடி இரண்டு பால்சுறா.

"பால் ஊற உது நல்லம். எங்கடை வள்ளத்திலை விடிய வந்தது."

அம்மா கையை நீட்டினா. அவர் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு இதைச் சமைக்கத் தெரியாது அம்மா. நான் வறுத்துத் தாறன்."

அம்மா என்னைப் பார்த்தா. எங்கள் குசினிக்குள் வெளியார் யாரும் வந்ததில்லை. நான் பாயில் படுத்திருந்தபடியே, "உள்ளுக்கை வாங்கோ அக்கா. உப்பு மேல் தட்டிலை கிடக்குது" என்றேன்.

கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். சுறாவை அவித்து, தோலை உரித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் மிளகும் உள்ளியும் போட்டு வறுத்தார். அம்மா முதலில் வாசலில் நின்றா. பிறகு உள்ளே போய்த் தேங்காய் துருவிக்கொடுத்தா. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தங்கள் தங்கள் பேறுகாலத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சோறு வந்தது. குழந்தையை அந்த அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.